பழைய டிராக்டரில் டீசல் கசிவு: ஸ்பேனரைத் தொடும் முன்

இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு. பார்க்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். மில்லிக்கு 20 சொட்டு என்று கணக்குப் போட்டால் மணிக்கு 90 மில்லி, ஒரு நாளைக்கு 2 லிட்டருக்கு மேல். குமரி மாவட்டத்தில் கன்னிப்பூவுக்குத் (முதல் நெல் போகம்) தொழி அடித்து முடித்து, கும்பப்பூ (இரண்டாம் போகம்) வரை வண்டி ஷெட்டில் கிடக்கும்போது டேங்க் காலியாவது இப்படித்தான். நிறுத்தியதும் டேங்க் அடியிலுள்ள டேப்பை (திருகு குழாயை) மூடுங்கள். அந்த டேப்பே கசிந்தால் முதல் வேலை அதை மாற்றுவது.

ஈரம் தெரியும் இடத்தில் ஸ்பேனர் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. டீசல் பைப்பின் மேலேயே வழிந்து, தாழ்ந்த முனைக்கு வந்துதான் சொட்டும். ஓடும்போது ஃபேன் காற்று அதை இன்னும் பின்னால் தள்ளும். இன்ஜின் ஆறியபின் சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, இணைப்புகளின் மேல் முகப்பவுடரைத் தூவுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து டார்ச் அடித்துப் பார்த்தால், பவுடர் முதலில் நனைகிற இடமே கசிவு.

இன்ஜெக்ஷன் பம்பிலிருந்து, டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் இரும்புப் பைப்புகளை ஓடும்போது விரலால் தடவவே கூடாது. அங்கே அழுத்தம் சுமார் 200 பார். முன் டயரிலுள்ள காற்றைப் போல ஏறக்குறைய 100 மடங்கு. மெல்லிய கீறலிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், வலியும் உடனே இருக்காது. ஆனாலும் உடனடியாக அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆசாரிப்பள்ளம் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போய்விடுங்கள். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்தால் போதும்.

அதிகம் கசிவது பேஞ்சோ போல்ட் இணைப்புகளில், அதாவது பைப் முனையின் வளையத்துக்குள் துளையுள்ள போல்ட் நுழையும் இடங்களில். அங்கே அடைப்பது மரை அல்ல, அந்த வளையத்துக்கு இருபுறமும் உள்ள இரண்டு செம்பு வாஷர்கள். அதனால் மரையில் டெஃப்லான் டேப் சுற்றிப் பயனில்லை. பிய்ந்த துணுக்கு பம்புக்குள் போனால் செலவு வேறு. ஒருமுறை நசுங்கிய வாஷர் இறுகிப்போய், மறுபடி படியாது. புதிது கையில் இல்லையென்றால் பழையதைச் சிவக்கச் சுட்டு, தண்ணீரில் போட்டு, பொருக்கைத் தேய்த்து எடுத்தால் இளகும். அலுமினியம் வாஷரில் இதைச் செய்யாதீர்கள், உருகிவிடும். இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும், இல்லாவிட்டால் பைப் முறுகும்.

நம் மாவட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் பஞ்சமில்லை; வெட்டி வாஷராகப் போடும் வழக்கமும் உண்டு. இயற்கை ரப்பர் டீசலில் ஊறி உப்பி, நொய்ந்துவிடும். சைக்கிள் டியூபுக்கும் அதே கதிதான். நைட்ரைல் ஓ-ரிங் கேட்டு வாங்குங்கள். ஹோஸும் டீசலுக்கானதாகவே இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் சில மாதங்களில் விறைத்து வெடிக்கும். கட்டுக்கம்பி ஹோஸை அறுக்கும், ஸ்க்ரூ கிளாம்ப் போடுங்கள்.

பில்டர் மாற்றியபின் கசிந்தால் பழைய ரிங் மேல்மூடியில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அதன் மேலேயே புதிய ரிங் ஏறியிருக்கும்.

சொட்டே தெரியாத கசிவு இன்னும் மோசம். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருக்கிறதா, ஆயில் நீர்த்து டீசல் வாடை அடிக்கிறதா? அப்படியானால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்திருக்கலாம். இன்ஜெக்ஷன் பம்ப் ரோட்டரி வகை என்றால் ஷாஃப்ட் சீல் போயிருக்கலாம். நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் தேயும். பழுதைச் சரிசெய்ததும் ஆயிலையும் ஆயில் பில்டரையும் மாற்றியே ஆக வேண்டும்.

ராஜாக்கமங்கலம், மணவாளக்குறிச்சி பக்கம் உப்புக்காற்றில் டேங்க் வெளியிலிருந்து துருப்பிடிக்கும். பாதி காலியான டேங்கில் இரவில் வியர்க்கும் நீர் அடியில் தங்கி உள்ளிருந்தும் அரிக்கும். ஓட்டை விழுந்தால், டேங்க் காலிதானே என்று வெல்டிங் வைத்துவிடாதீர்கள். உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். கழற்றி, நன்கு கழுவி, இந்த வேலை தெரிந்த ரேடியேட்டர் பட்டறையில் கொடுங்கள். எம்-சீல் ஒரு தற்காலிக ஒட்டுதான், அதுவும் துரு சுரண்டிய உலர்ந்த தகரத்தில்தான் பிடிக்கும்.

வேலை முடிந்ததும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். டேப்பைத் திறந்து, முதல் பில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஹேண்ட் பிரைமரை அடித்து, டீசல் வழியும்போதே இறுக்குங்கள். அடுத்து இரண்டாம் பில்டர், பிறகு இன்ஜெக்ஷன் பம்ப். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் இரண்டு நாசில் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி 10 நொடி செல்ஃப் அடியுங்கள், ஒரு நிமிடம் விட்டு மறுபடி. முகத்தை விலக்கியே நில்லுங்கள். நட்டுகளை மறுபடி இறுக்கி, கால்மணி நேரம் ஓட்டி நிறுத்தி, அடியில் பழைய செய்தித்தாள் விரித்து, அன்றிரவு மட்டும் டேப்பைத் திறந்தே விட்டு, காலையில் பாருங்கள்.