பூந்தொட்டியில் புதைத்த கரண்டி

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு கரண்டியைப் பூந்தொட்டியில் புதைத்து வைத்தேன். வெள்ளைக் கரண்டி. கைப்பிடியில் ஒரு பச்சை இலை முத்திரை, அதன் கீழே 'மக்கக்கூடியது' என்று ஒரே ஒரு சொல். ஏதோ ஒரு விருந்தில் கையில் கொடுத்தார்கள். பத்து நிமிடம் உபயோகித்திருப்பேன். மக்கும் என்கிறார்களே, பார்த்துவிடலாம் என்றுதான் புதைத்தது. அப்புறம் அதை மறந்தே போனேன். பதினான்கு மாதம் கழித்து மண் மாற்றுவதற்காகத் தொட்டியைக் கிளறியபோது அது கைக்குத் தட்டுப்பட்டது. கழுவித் துடைத்துப் பார்த்தால் முத்திரையில் இருந்த இலையின் நரம்புகூட அழியவில்லை. அதே தொட்டியில் உதிர்ந்து புதைந்த நிஜ இலைகளில் ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை.

ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். விவரம் தேடியபோதுதான், அதைச் செய்தவர்கள் பொய் எதுவும் சொல்லவில்லை என்று தெரிந்தது. கரண்டி மக்கும் பொருள்தான். ஆனால் பூந்தொட்டியில் மக்காது.

அது பாலிலாக்டிக் அமிலத்தால் ஆன பிளாஸ்டிக். சுருக்கமாக பிஎல்ஏ என்பார்கள். மக்காச்சோளத்தின் மாவுச்சத்தையோ கரும்பின் சர்க்கரையையோ நுண்ணுயிரிகளிடம் விட்டுப் புளிக்க வைத்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கும். பால் புளித்தால் உண்டாகிறதே, அதே அமிலம்தான். அந்தச் சின்ன மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்து நீளச் சங்கிலியாக்கினால் பிஎல்ஏ. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததோடு சேருமிடத்தில் எஸ்டர் பிணைப்பு என்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்தால் பிணைப்பு அறும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர்.

மக்குவது என்றால் நுண்ணுயிரி தின்று செரிப்பது. ஆனால் பிஎல்ஏ சங்கிலி முழு நீளத்தில் இருக்கும்போது நுண்ணுயிரிக்கு அது வாய்கொள்ளாத கவளம். தண்ணீர் முதலில் உள்ளே புகுந்து துண்டு துண்டாக நறுக்கித் தர வேண்டும். துண்டுகள் போதிய அளவு சிறிதான பிறகுதான் நுண்ணுயிரியின் வேலை தொடங்கும். சிக்கல் அந்த முதல் கட்டத்தில்தான் இருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் பிஎல்ஏ சங்கிலிகள் கண்ணாடிபோல விறைத்துக் கிடக்கும். அசையாத கூட்டத்துக்குள் நுழைவதுபோலத் தண்ணீர் உள்ளே புகத் திணறும், வெட்டும் வேகமும் மிகக் குறைவு. ஏறக்குறைய 55 முதல் 60 டிகிரி செல்சியஸில் அந்த விறைப்பு தளர்கிறது. சங்கிலிகள் நெளியத் தொடங்குகின்றன, தண்ணீர் தாராளமாக உள்ளே போகிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். 'சோளத்தில் செய்தது' என்று விற்கிற, கண்ணாடிபோல் தெளிந்த பிஎல்ஏ குவளை ஒன்றில் கொதிநீரை ஊற்றுங்கள். சில நொடிகளில் குவளை இடுப்பு ஒடிந்ததுபோலச் சரியும். அந்த ரகக் குவளைகளைக் குளிர்பானத்துக்கு மட்டும் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். மக்குவதற்குத் தேவையான அதே தளர்ச்சிதான் அது. எந்தப் பூந்தொட்டியும் அந்தச் சூட்டை எட்டாது. கடலும் எட்டாது.

சரி, எங்கேதான் மக்கும்? தொழில்முறை உரமாக்கும் ஆலையில். அங்கே கழிவை மலைபோலக் குவித்து, ஈரம் காத்து, காற்றுப் படும்படி அடிக்கடி புரட்டிப் போடுவார்கள். நுண்ணுயிரிகள் தின்னும்போது வெளிவிடும் சூட்டிலேயே குவியலின் உள்பகுதி 60 டிகிரியைத் தொட்டுவிடும். முத்திரைக்குப் பின்னால் இருக்கும் சோதனையும் இந்தச் சூழலைப் பார்த்து வகுத்ததுதான். ஐரோப்பாவின் இஎன் 13432 தர விதியை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளை உரக்குவியலில் 12 வாரம் வைத்து, பிறகு 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக்கூடாது. இன்னொரு சோதனையில், 58 டிகிரியை ஒட்டிய சூட்டில், 6 மாதத்துக்குள் பொருளின் கார்பனில் 90 சதவீதம் கார்பன் டைஆக்சைடாக மாறியிருக்க வேண்டும். சோதித்த தடிமனுக்குத்தான் சான்றிதழும் செல்லும். மெல்லிய தாளாகத் தேறிய பிளாஸ்டிக் தடித்த கரண்டியாகவும் தேறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த 90 சதவீதத்தை இன்னொரு தடவை படியுங்கள். கரண்டியின் பெரும்பகுதி காற்றில் போய்விட வேண்டும் என்பதுதான் தேர்வு விதி! உதிர்ந்த இலை மக்கினால் மண்ணுக்குத் தழைச்சத்தும் கறுத்த மட்கும் மிஞ்சும். கரண்டி மக்கினால் தண்ணீரும் கார்பன் டைஆக்சைடும்தான். செடிக்குச் சத்து என்று எதுவும் அதில் இல்லை. 'உரமாகும் கரண்டி' என்பது அரை உண்மை. சமையலறைக் கழிவைக் கட்டிப் போடும் பைக்கு இந்தப் பிளாஸ்டிக் பொருத்தமானது என்பேன்: பையோடு சேர்த்துக் கழிவு ஆலைக்குப் போகும், பிரித்துக் கொட்டும் வேலை மிச்சம். கரண்டிக்கு அந்த நியாயம்கூட இல்லை. பல உரமாக்கும் ஆலைகளில் இதை வரவேற்பதும் இல்லை. ஓடும் பட்டையில் சாதாரண பிளாஸ்டிக் கரண்டி எது, பிஎல்ஏ கரண்டி எது என்று பார்வையில் பிரிக்க முடியாது என்பதால் இரண்டையும் பொறுக்கி எறிந்துவிடுகிறார்கள்.

எறிந்தது குப்பைக்கிடங்குக்குப் போகிறது. அங்கே கதையே வேறு. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜே என்ற தொல்லியலாளர் 1973-ல் குப்பைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார். முதலில் வீட்டுக் குப்பையைப் பிரித்து ஆராய்ந்தார்கள், பின்னாளில் பழைய நகரங்களைத் தோண்டுவதுபோலக் குப்பைக்கிடங்குகளையும் தோண்டிப் பார்த்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு முன் புதைந்த செய்தித்தாள்கள் எழுத்து மாறாமல் படிக்கிற நிலையில் கிடைத்தன. ஒவ்வொரு அடுக்கும் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்ல அந்தத் தாள்களின் தேதியே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. காகிதத்துக்கே இந்தக் கதி. இறுக்கி மூடிய கிடங்கில் காற்று இல்லை, ஈரம் குறைவு. மக்கல் நத்தை வேகத்தில்தான் நடக்கும். அப்படியே மக்கினாலும் காற்றில்லாத இடத்தில் மீத்தேன் உருவாகிறது. அது நூறாண்டுக் கணக்கில் கார்பன் டைஆக்சைடைப்போல இருபத்தைந்து மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. அதாவது கிடங்கில் மக்காத பொருள், மக்கும் பொருளைவிடப் பருவநிலைக்கு நல்லது. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் வேதியியல் அப்படித்தான்.

1990-ல் அமெரிக்காவின் பல மாநிலங்கள் மொபில் என்ற எண்ணெய் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது இந்த இடத்தைத் தொட்டுத்தான். 'சிதையும்' என்று விளம்பரம் செய்த குப்பைப் பைகள் வெயிலும் மழையும் பட்டால்தான் சிதையும். குப்பைப் பை போய்ச் சேர்வதோ கிடங்கின் அடியில்.

பிஎல்ஏயாவது சரியான இடத்தில் உண்மையாக மக்கும். அதைவிட மோசமான ஒரு ரகம் இருக்கிறது. வழக்கமான பாலித்தீனில் மாங்கனீசு, இரும்பு, கோபால்ட் போன்ற உலோகங்களின் உப்பைக் கொஞ்சம் கலப்பார்கள். வெயிலிலும் சூட்டிலும் அந்த உப்பு பாலித்தீன் சங்கிலியை ஆக்சிஜன் தாக்குவதை வேகப்படுத்தும். பை நொறுங்கிப் பொடியாகும். பார்க்கிறவருக்குப் பை காணாமல் போய்விட்டது, மக்கிவிட்டது. உண்மையில் ஒரு பை ஆயிரக்கணக்கான நுண்பிளாஸ்டிக் துணுக்குகளாகியிருக்கிறது. முன்பு குனிந்து பொறுக்கியிருக்கலாம், இப்போது அதுவும் முடியாது. ஆக்சோ சிதைவு என்று பெயர் வைத்து விற்ற இந்த ரகத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து தடை செய்துவிட்டது.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் இமோஜன் நாப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் செய்த சோதனை எனக்குப் பிடித்த ஒன்று, ஏனென்றால் அது யாருக்கும் புரிகிற சோதனை. 'மக்கும்', 'ஆக்சோ' (இதில் மட்டும் இரண்டு), 'உரமாகும்', சாதாரணம் என்று ஐந்து வகைப் பைகளைக் காற்றில், மண்ணில், கடலில் மூன்று ஆண்டு விட்டு வைத்தார்கள். முடிவு 2019-ல் வெளியானது. திறந்த வெளியில் தொங்கவிட்டவை ஒன்பது மாதத்துக்குள் எல்லாமே துண்டு துண்டாகிவிட்டன, சாதாரணப் பை உட்பட. 'உரமாகும்' பை கடலில் மூன்று மாதத்தில் மறைந்தது. மண்ணில் 27 மாதம் கழித்தும் உருவத்தோடு இருந்தது, பாரம் தாங்கவில்லை. 'மக்கும்' என்று எழுதிய பையை மூன்று ஆண்டுக்குப் பிறகு மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் எடுத்து, உள்ளே இரண்டேகால் கிலோ சாமான் போட்டுத் தூக்கினார்கள். கிழியவில்லை!

பெயர்க் குழப்பம் இங்கே வேண்டிய மட்டும் உண்டு. 'தாவரத்திலிருந்து பிறந்தது' என்பதும் 'மக்கும்' என்பதும் வேறு வேறு சங்கதிகள். கரும்பிலிருந்து எத்தனால், எத்தனாலிலிருந்து எத்திலீன், அதிலிருந்து பாலித்தீன் என்று செய்ய முடியும், செய்கிறார்கள். அந்தப் பாலித்தீனுக்கும் பெட்ரோலியத்தில் வந்த பாலித்தீனுக்கும் மூலக்கூறில் துளி வித்தியாசம் கிடையாது. கடலிலும் அதே ஆயுள். எதிர்ப்பக்கத்தில், பிபிஏடி என்ற பிளாஸ்டிக் பெட்ரோலியத்தில் பிறந்தும் மக்கும். லேபிள் பிறப்பைப் பற்றி மட்டும் சொல்லும், இறப்பை நாமே ஊகித்துக்கொள்கிறோம். லேபிள் எழுதுகிறவர் நம்பியிருப்பதும் அந்த ஊகத்தைத்தான்.

மூங்கில் துணியிலும் இதுதான் நடக்கிறது. மென்மையான 'மூங்கில்' சட்டைகளில் பெரும்பாலானவை மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்து மறுபடி நூலாக இழுத்த ரேயான். மூங்கிலின் இழை மருந்துக்குக்கூட மிஞ்சாது. இதை மூங்கில் என்று விற்கக்கூடாது, ரேயான் என்று எழுது என்று அமெரிக்க வணிக ஆணையம் 2009-லிருந்து சொல்லிவருகிறது. அதே விதத்தில், பிளாஸ்டிக்கின் அடியில் அம்புக்குறி முக்கோணத்துக்குள் இருக்கும் எண் 1988-ல் பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்த வகை எண் மட்டுமே. மறுசுழற்சி ஆகும் என்ற உறுதி அதில் இல்லை. 2015 வரை உண்டான பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம் என்பது 2017-ல் வந்த கணக்கு.

துணிப்பையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என்னை நானே ஏமாற்றிக்கொண்டதாகும், ஏனென்றால் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பதினொரு துணிப்பைகள் தொங்குகின்றன. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் ஒரு கணக்குப் போட்டது. ஒரு சாதாரண பிளாஸ்டிக் பையை ஒரு தடவை சாமான் வாங்கவும் பிறகு குப்பைக்கூடையில் விரிக்கவும் உபயோகிப்பதாக வைத்துக்கொண்டால், பருவநிலைப் பாதிப்பில் அதற்குச் சமமாக வர ஒரு பருத்திப் பையை 52 தடவை உபயோகிக்க வேண்டும். இயற்கை வேளாண்மைப் பருத்தி என்றால் 149 தடவை. விளைச்சல் குறைவு என்பதால் ஒரு பைக்கு அதிக நிலமும் நீரும் ஆகிறது. அந்த ஆய்விலிருந்து எல்லாரும் எடுத்துச் சொல்வது இயற்கை வேளாண்மைப் பருத்திக்கு வந்த 20,000 தடவை என்ற எண்ணை. தினமும் ஒரு தடவை என்றால் ஐம்பது வருடத்துக்கு மேல். அந்த எண்ணையும் அப்படியே விழுங்க வேண்டாம். ஓசோன் படலத்துக்கான பாதிப்பு உட்பட எல்லா அளவுகோல்களையும் வைத்து, பருத்தி எதில் மிக மோசமோ அந்த ஒன்றைக் கொண்டு வந்த எண் அது. தெருவிலும் கடலிலும் சிதறும் பிளாஸ்டிக் செய்யும் கேடு கணக்கிலேயே இல்லை. பிளாஸ்டிக் பக்கம் பேசுகிறவர்கள் 20,000 என்பார்கள், துணிப்பை விற்கிறவர்கள் எண்ணே சொல்ல மாட்டார்கள். வாரம் ஒரு தடவை கடைக்கு எடுத்துப் போனால் சாதாரணப் பருத்திப் பை ஒரு வருடத்தில் பருவநிலைக் கடனைத் தீர்த்துவிடும். என் பதினொன்றில் வெளியே போவது இரண்டுதான். மற்ற ஒன்பதும், கருத்தரங்குகளில் 'பூமியைக் காப்போம்' என்று அச்சடித்து இலவசமாகக் கொடுத்தவை, கடனோடு ஆணியில் தொங்குகின்றன.

சட்டம் மெதுவாக இந்தப் பக்கம் திரும்புகிறது. அமெரிக்க வணிக ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் 1992-ல் வந்தன. 2012-ல் திருத்தியபோது, 'சிதையும்' என்று நிபந்தனை இல்லாமல் எழுதினால், வழக்கமாகக் குப்பை போய்ச் சேரும் இடத்தில் ஓராண்டுக்குள் பொருள் முழுக்கச் சிதைய வேண்டும் என்று சேர்த்தார்கள். வழக்கமாகப் போய்ச் சேரும் இடம் என்ற அந்தச் சொற்கள்தான் முக்கியம். நல்ல இடம் ஒன்றை நினைத்துக்கொண்டு பேசக்கூடாது. ஐரோப்பிய ஆணையம் 2020-ல் பார்த்தபோது பச்சை விளம்பரங்களில் பாதிக்கு மேல் மழுப்பலாகவோ ஆதாரமற்றோ இருந்தன. அதன் தொடர்ச்சியாக 2024-ல் வந்த ஒன்றிய உத்தரவு 2026 செப்டம்பர் 27 முதல் செல்லும்: 'சூழலுக்கு உகந்தது', 'மக்கும்' என்று மொட்டையாக எழுதக்கூடாது, எங்கே, எந்த நிலையில் என்ற விவரத்தை அதே பரப்பிலேயே கண்ணில் படும்படி சொல்ல வேண்டும்.

கரண்டியை எடுத்து அளந்து பார்த்தேன். 'தொழில்முறை உரமாக்கும் ஆலையில், 60 டிகிரியை ஒட்டிய சூட்டில், ஆறு மாதத்துக்குள்' என்று எழுத அந்தக் கைப்பிடியில் இடம் போதாது.