பூட்: சொல் விளக்கம்

உறுப்புகளைத் தனித்தனியாக வாங்கிப் புதுக் கணினி ஒன்றைப் பொருத்தி முடித்தவர், விண்டோஸ் நிறுவ உட்கார்ந்ததும் திரும்பத் திரும்பக் காணும் சொல் 'பூட்'. கணினியை ஆன் செய்ததும் இயங்குதளத்தை நினைவகத்துக்கு ஏற்றுவதே பூட். பூட் டிவைஸ் இல்லை என்று திரை சொல்லும். பூட் ஆர்டரை, அதாவது இயங்குதளத்தை எதில் முதலில் தேடுவது என்ற வரிசையை, மாற்றுங்கள் என்று கடைக்காரர் சொல்வார்.

ஆங்கிலத்தில் பூட் என்பது கணுக்காலுக்கு மேல் ஏறும் காலணி. அதை இழுத்து மாட்டுவதற்காக மேல்விளிம்பில் தைத்த வார்தான் பூட்ஸ்ட்ராப். தன் காலணி வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற 19ஆம் நூற்றாண்டு வழக்கு, நடக்கவே முடியாத காரியத்தைக் கேலி செய்யப் பிறந்தது; பிறர் துணையின்றி முன்னேறுதல் என்ற பொருள் பிறகுதான் ஏறியது. 1950களில் கணினித் துறையினர் இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அவர்கள் முன் அதே புதிர் நின்றதுதான்: நினைவகத்தில் நிரலை ஏற்ற ஒரு நிரல் வேண்டும் என்றால், அந்த முதல் நிரலை ஏற்றுவது எது? 1952இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 701 கணினியில் 'லோடு' (ஏற்று) என்றொரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் துளை அட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ மிகச் சிறிய ஒரு துணுக்கு நினைவகத்துக்கு வரும். அதிலுள்ள கட்டளைகள் அடுத்ததை இழுத்து வரும். பூட்ஸ்ட்ராப் பின்னர் சுருங்கிப் பூட் ஆனது.

இன்றும் இந்தச் சங்கிலி அறவில்லை. மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலில் இரண்டு முறைகள் உண்டு. பழைய பயாஸ் முறை வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து அங்குள்ள நிரலை ஓட்டும். யுஇஎஃப்ஐ முறையோ வட்டில் தனக்கென உள்ள பகிர்வில் ஒரு கோப்பைத் தேடி எடுக்கும். நிறுவலில் வரும் குழப்பங்களில் பல இவ்விரு முறைகளும் கலந்துவிடுவதால் வருபவை. சில மதர்போர்டுகளின் பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு வரிகளில் தெரியும். ஒன்றின் முன்னால் மட்டும் யுஇஎஃப்ஐ என்று இருக்கும். அந்த முன்னொட்டு இல்லாத வரியைத் தேர்ந்தவருக்கு, வட்டு ஜிபிடி வகையைச் சேர்ந்தது, இதில் நிறுவ முடியாது என்ற செய்தி பின்னால் வரும். ஜிபிடி, எம்பிஆர் என்பவை வட்டின் பகிர்வுகளைக் குறித்துவைக்கும் இரு வகைகள்; விண்டோஸ் நிறுவ யுஇஎஃப்ஐ முறைக்கு ஜிபிடியும் பயாஸ் முறைக்கு எம்பிஆரும் வேண்டும். வட்டில் குறையில்லை, மறுபடி தொடங்கி மற்ற வரியைத் தேர்ந்தால் போதும். பழைய கணினியிலிருந்து கழற்றி மாட்டிய எம்பிஆர் வட்டென்றால் நிலைமை நேர்மாறு: ஷிஃப்டும் எஃப்10உம் அழுத்தி டிஸ்க்பார்ட் என்ற வட்டுக் கருவியைத் திறந்து, வட்டைச் சரியாக அடையாளம் கண்டு, துடைத்து ஜிபிடிக்கு மாற்ற வேண்டும். துடைத்தால் அதிலுள்ள அனைத்தும் போய்விடும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் மறுதொடக்கத்துக்குப் பின் நிறுவல் மீண்டும் ஆரம்பத்திலிருந்தே வந்தால், வரிசையில் பென் டிரைவ் வட்டுக்கு முன்னால் நிற்கிறது என்று பொருள். ஆனால் வட்டு பட்டியலிலேயே இல்லையென்றால் அது பூட் சங்கதியன்று. இன்டெல் 11ஆம் தலைமுறையிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் சில கணினிகளில், வட்டுகளைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்து, அதற்குரிய டிரைவர் நிறுவியில் இல்லாவிட்டால் இப்படி ஆகும். டிரைவரைக் கொடுக்க வேண்டுமே தவிர, வரிசையை மாற்றிப் பயனில்லை.

இனித் தமிழ்ச்சொல். 'தொடக்கு' என்பதே பொதுவாகக் கையாளப்படுகிறது. இயங்கு, இயக்கு என்பதுபோல் தொடங்கு, தொடக்கு என்று அமைவதால் இலக்கணம் சரியே. 'துவக்கு' என்றும் எழுதுகிறார்கள்; ஈழத்தில் அது துப்பாக்கியைக் குறிக்கும் என்பது எழுதுபவர்களுக்கு நினைவிருப்பதில்லை. தொடக்கு என்பதன் திரிபான 'துடக்கு' அங்கே தீட்டு என்பதும் ஒரு சங்கடம். என் தயக்கம் வேறு. "ஆன் ஆகிறது, பூட் ஆகவில்லை" என்று பழுது பார்ப்பவர் பிரித்துச் சொல்கிறார். விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் இயங்குதளம் நினைவகத்துக்கு வரவில்லை என்பதே அதன் பொருள். 'தொடங்கவில்லை' என்ற சொல்லில் அந்த வேறுபாடு அழிந்துபோகிறது. ஐபிஎம் பொத்தானில் இருந்ததும் ஏற்றுதலே. ஆகவே 'தொடக்கேற்றம்' என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன். இயங்குதளத்தை ஏற்றும் நிரலான பூட்லோடர் தொடக்கேற்றி, பூட் ஆர்டர் தொடக்கேற்ற வரிசை. காலணியின் வாரைத் தமிழுக்குள் கொண்டுவரத் தேவையில்லை.