பந்தல் நிறையப் பூ, ஒரு காயும் இல்லை

திருகோணமலைப் பக்கம் சாம்பல்தீவில் ஒரு வீட்டு வளவு. கிணற்றடிப் பந்தலில் மூன்று கொடித்தோடை (பாஷன் பழம்) கொடிகள், மஞ்சள் பழ இனம். மத்தியானமானால் இருபது முப்பது பூ விரியும். மறுநாள் அத்தனையும் வாடி நிலத்தில் கிடக்கும். "இரண்டு தரம் ஹோர்மோன் மருந்தும் அடிச்சிட்டன் தம்பி. ஒரு காயும் நிக்குதில்லை" என்றார் அந்த அம்மா. விவசாயப் போதனாசிரியராக வளவு வளவாய்ப் போகும் எனக்கு இது பழகிய முறைப்பாடு.

"கொடியை எங்கே எடுத்தீங்க அம்மா?"

"தம்பலகாமத்தில மகள் வீட்டுக் கொடியில ஒரு தடி வெட்டி நட்டன். அது படர்ந்தாப் பிறகு அதிலயே இன்னும் இரண்டு தடி."

சரி, விஷயம் அதில்தான் இருக்கிறது. தடியில் இருந்து வந்த கொடி தாய்க்கொடியின் நகல். பார்வைக்கு மூன்று கொடி, உள்ளே ஒரே செடி.

கொடித்தோடைப் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் சேர்ந்தே இருக்கின்றன. ஐந்து மகரந்தக்கூடு, அதற்கு மேலே மகரந்தத்தை ஏற்கும் மூன்று குறி. ஆனால் மஞ்சள் இனத்தில் பெரும்பாலான கொடிகள் தங்கள் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. குறியில் மகரந்தமணி விழுந்தாலும், அது தன்னுடையது என்று செடி இனங்கண்டு, மகரந்தக்குழாயை வளரவிடாமல் தடுத்துவிடும். பாடப்புத்தகத்தில் தன்மலடு என்று படித்திருப்பீர்கள். செடிக்கு இது நோயில்லை. நெருங்கிய உறவுக்குள்ளேயே விதை பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் இயற்கையான ஏற்பாடு. இதற்கு ஹோர்மோன் தெளிப்பது வீண்செலவு என்பதே என் கருத்து. மலைநாட்டுக் குளிருக்கு ஏற்ற ஊதாப் பழ இனம் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். அதைப் பார்த்துவிட்டு இதையும் அப்படி நினைப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

மறுநாள் உப்புவெளியில், விதையில் இருந்து வளர்ந்த வேறொரு கொடியின் பூ இரண்டைப் பறித்துக்கொண்டு போனேன். பூ விரிந்த உடனே வேலை செய்யக்கூடாது. அப்போது குறிகளைத் தாங்கும் காம்பு போன்ற தம்பங்கள் மேலே நிமிர்ந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் அவை வளைந்து மகரந்தக்கூட்டின் மட்டத்துக்கு இறங்கி வரும். அந்த நேரம் பார்த்து, கொண்டுவந்த பூவின் மகரந்தக்கூட்டை மூன்று குறியிலும் மெதுவாகத் தடவினோம். மஞ்சள் தூள் ஒட்டியது கண்ணுக்கே தெரிந்தது. தொட்ட பூக்களின் காம்பில் அந்த அம்மா சிவப்பு நூல் கட்டிவைத்தார். ஒரு கிழமை கழித்துப் போனபோது நூல் கட்டியவற்றில் பச்சைக் காய் திரண்டிருந்தது. கட்டாதவை வழக்கம்போலக் கீழே.

ஒவ்வொரு பூவையும் கையால் தொட்டுக்கொண்டிருக்க முடியாது. இந்த வேலையைச் செய்யப் பிறந்தது கருவண்டு. பூவின் மகரந்தக்கூடுகள் கீழ்நோக்கி இருப்பதால், தேன் குடிக்கவரும் பெரிய வண்டின் முதுகில் தூள் அப்பிக்கொள்ளும். தேனீ அதற்குச் சிறிது. பெரும்பாலும் மகரந்தத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். கருவண்டு பட்ட மரத்தைத் துளைத்துத்தான் கூடு வைக்கும். அதை அடித்துக் கொல்வதையும், பூ விரிந்திருக்கும் மத்தியான வேளையில் பூச்சிநாசினி தெளிப்பதையும் பார்க்கும்போது மனம் நோகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பூ உதிர்ந்தாலே தன்மலடு என்று எண்ணிவிடாதீர்கள். தக்காளி தன் மகரந்தத்திலேயே நன்றாகக் காய்க்கும் பயிர். ஆனாலும் கச்சான் காற்று வீசும் மாதங்களில், இரவிலும் வெக்கை குறையாவிட்டால் அதுவும் பூவைக் கொட்டும். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அங்கே காலையிலேயே தேனீ வரவேண்டும். விதைக்கு எடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். நெல் அநேகமாகத் தன் மகரந்தத்திலேயே மணி பிடிப்பதால் வயலில் இருந்து எடுத்த விதைநெல் பெரிதாக மாறாது. மிளகாயும் தானே காய்க்கும்தான், ஆனால் தேனீ பக்கத்துப் பாத்தி இனத்தின் மகரந்தத்தையும் கொண்டுவந்துவிடும். விதைக்கென்று நினைக்கும் செடியை மொட்டிலேயே மெல்லிய வலைத்துணியால் மூடிவிடுங்கள்.

சாம்பல்தீவு அம்மா இப்போது பந்தலின் மற்ற மூலையில் விதைக்கன்று இரண்டு நட்டிருக்கிறார், வேறு வேறு பழத்தில் எடுத்த விதை. வேலியோரம் பட்டுப்போய் நின்ற மரத்தை மகன் விறகுக்குக் கேட்டாராம். கருவண்டு குடியிருக்கிறது, நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார்.