டெக்கீலாவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு கிளாஸ்

டெக்கீலா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரே காட்சிதான். புறங்கையில் உப்பு, ஒரே மடக்கு, அப்புறம் எலுமிச்சைத் துண்டைக் கடித்து முகத்தைச் சுளிப்பது. அது பிறந்த ஊரான மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் நல்ல சரக்கை யாராவது அப்படி விழுங்கினால், பக்கத்து மேசைக்காரர் பரிதாபப்படுவார். அங்கே உங்கள் முன்னால் இரண்டு கிளாஸ் வந்து நிற்கும். இரண்டும் ஒடுக்கமாக, விரல் உயரத்தில் இருக்கும். அந்தக் கிளாஸுக்குக் கபாயிட்டோ, அதாவது குட்டிக் குதிரை என்று பெயர். ஒன்றில் டெக்கீலா, தண்ணீர்கூடக் கலக்காமல் ராவாக. இன்னொன்றில் செக்கச்செவேலென்று சாங்ரிட்டா. ஆரஞ்சு, எலுமிச்சை, தக்காளிச் சாறுகளோடு மிளகாயும் உப்பும் சேர்ந்தது. சாராயம் ஒரு சொட்டும் கிடையாது. இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் என்று உறிஞ்சிக்கொண்டே பேச்சை ஓட்டுவார்கள்.

சாங்ரிட்டா என்றால் ஸ்பானிய மொழியில் குட்டி ரத்தம். சபாலா ஏரிப் பக்கம், பழத்தட்டின் அடியில் தேங்கிய காரச்சாற்றை வீணாக்க மனசு வராமல் குடித்ததில் தொடங்கியது என்று ஒரு கதை உண்டு. தக்காளி சேர்ப்பதே தப்பு, புளிப்பு ஆரஞ்சும் மாதுளையும் மிளகாயும்தான் அசல் என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. சரி, சண்டையை அவர்களிடமே விடுவோம். எனக்கு இதில் பிடித்த கேள்வி வேறு. தொண்டை எரிகிற ஒரு பானத்துக்குத் துணையாக யாராவது மிளகாய்த் தண்ணீர் வைப்பார்களா?

முதலில் சாராயம் ஏன் எரிகிறது என்று பார்க்க வேண்டும். அந்த எரிச்சல் நாக்கு அறியும் சுவைகளில் சேர்ந்ததல்ல. அது வலியின் வகை. வாயில் உள்ள நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்று ஒரு புரதக் கதவு இருக்கிறது. 1997-ல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழுவினர் இதை அடையாளம் கண்டார்கள்; 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரிய பங்கு. சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கதவு திறந்து, ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சேதி போகும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் அதே கதவில் போய் ஒட்டிக்கொள்வதால்தான் ஆறிப்போன குழம்புகூடக் காரத்தில் சுடுகிறது.

சாராயத்தின் போதைப்பொருளான எத்தனால் பார்க்கும் வேலை இன்னும் தந்திரமானது. கதவு திறக்கும் வெப்பத்தை அது ஏறக்குறைய 34 டிகிரிக்கு இறக்கிவிடுகிறது என்று 2002-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் வாயின் சூடு 37-க்கு அருகில். ஆக, டெக்கீலா வாய்க்குள் போனதும் வாய் தன் சொந்தச் சூட்டையே நெருப்பு என்று நம்பிவிடுகிறது!

இந்தக் கணக்கில் சாங்ரிட்டா எதிரணியில்தான் இருக்க வேண்டும். மிளகாய் அதே கதவைத் தட்டும். எலுமிச்சையின் அமிலமும் அதே கதவைத் தட்டும். ஆனால் குடிப்பவர்களோ வாய் இதமாகிறது என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

சாங்ரிட்டா ஃபிரிட்ஜிலிருந்து வருகிறது. ஒரு வாய் உறிஞ்சியதும் நாக்கின் மேற்பரப்பு சட்டென்று 34-க்குக் கீழே இறங்கும். எத்தனால் தாழ்த்தி வைத்த அந்தக் கதவு கொஞ்ச நேரத்துக்குச் சாத்திக்கொள்ளும். புளிப்பு பட்டதும் காதுக்குக் கீழே இருக்கும் சுரப்பி சுருக்கென்று உமிழ்நீரைப் பாய்ச்சும், அது மிச்சச் சாராயத்தை நீர்க்கச் செய்து கழுவிக்கொண்டு போகும். இன்னொன்று, டிஆர்பிவி1 தொடர்ந்து தட்டப்பட்டால் அசந்துபோய்க் கொஞ்ச நேரம் பதில் சொல்லாது. மூட்டுவலிக்குத் தடவும் சில களிம்புகளில் கேப்சைசின் சேர்ப்பது இதற்காகத்தான். சிட்டிகை மிளகாய்த் தூளுக்குக் களிம்பின் சக்தி வராது. ஆனால் மெதுவாக ஏறி நின்று எரியும் மிளகாய்க் காரத்துக்குள், பளிச்சென்று வந்து போகும் சாராய எரிச்சல் ஒளிந்துகொள்கிறது. தீயை அணைக்காமல், அதற்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது சாங்ரிட்டா என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

எத்தனாலுக்குக் கசப்பும் உண்டு. அதை உப்பு பார்த்துக்கொள்ளும். சோடியம் கசப்பை அமுக்கும், கசப்பு அமுங்கினால் இனிப்பு தலைதூக்கும். வெள்ளரிக்காயிலும் கொய்யாவிலும் உப்பு தொட்டுத் தின்கிற எவருக்கும் இது புதிதல்ல. தக்காளியோ குளூட்டமேட்டைக் கொண்டுவருகிறது. 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா இதைக் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து, அதன் ருசிக்கு உமாமி என்று பெயரிட்டார்; அஜினோமோட்டோவில் இருக்கும் அதே ருசிதான். தக்காளியில் சதையைவிட விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பில் இது அதிகம். அதை வழித்தெறிந்துவிட்டுச் சாங்ரிட்டா செய்தால் புளித்த சிவப்புத் தண்ணீர்தான் மிஞ்சும்.

இதெல்லாம் வாயைச் சமாதானப்படுத்தும் ஏற்பாடு மட்டுமே. உள்ளே போன 40 சதவீதச் சாராயம் அப்படியேதான் இருக்கிறது, கல்லீரலுக்குத் தக்காளி தெரியாது.

வாசனையை விட்டால் பாதிக் கதை போய்விடும். டெக்கீலா நீல அகேவ் செடியின் அன்னாசி போன்ற நடுத்தண்டை வேகவைத்துப் பிழிந்து, புளிக்க வைத்து வடிப்பது. அகேவ் என்றால் நமக்குத் தண்டவாள ஓரத்து ரயில் கற்றாழை. அதன் நெருங்கிய சொந்தம்தான் இந்த நீலச் செடி. சோற்றுக் கற்றாழையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அகேவிலிருந்து லினலூல், டெர்பினியோல் போன்ற வாசனைப் பொருள்கள் டெக்கீலாவுக்குள் வந்து சேர்கின்றன. ஆரஞ்சு, எலுமிச்சையிலும் இவை உண்டு. அதனால்தான் சாங்ரிட்டா குடித்த வாய்க்கு அடுத்த வாய் டெக்கீலாவில் பழவாசனை தூக்கலாகத் தெரிகிறது என்பது என் ஊகம்.

சாங்ரிட்டாவை மட்டும் செய்து பார்க்க டெக்கீலா தேவையில்லை. இரண்டு தக்காளியை விதையோடு அரைத்து வடிகட்டி, ஓர் ஆரஞ்சு, அரை எலுமிச்சை பிழிந்து, உப்பும் மிளகாய்த் தூளும் போட்டு ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தால் புளிப்பு, உப்பு, காரம், அவ்வளவுதான். மூக்கை விட்ட நொடியில் ஆரஞ்சும் தக்காளியும் தொண்டைக்குப் பின்னாலிருந்து ஏறி வரும். ஊற்றுவதற்கு முன் மறக்காமல் ஒரு கலக்கு கலக்குங்கள். கேப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, தூள் அடியில் போய் உட்கார்ந்துவிடும், கடைசிக் கிளாஸ் யாருக்கு வருகிறதோ அவர் பாடு திண்டாட்டம்.