பழைய தோணி மாதிரிக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள்

சரிசெய்ய என்னிடம் மறுபடியும் ஒன்று வந்திருக்கிறது. கடலோர ஊர் ஒன்றின் சிறிய அருங்காட்சியகத்தில் இருந்த தோணி மாதிரி, அதாவது தோணியைப் போலவே சிறிதாகச் செய்த உருவம். விழா வருகிறதென்று ‘புதுசு பண்ணி’ வைத்திருக்கிறார்கள். மேலெல்லாம் பளபளவென்று வார்னிஷ். பருத்திக் கயிறுகளை அறுத்துப் போட்டுவிட்டு நைலான் நூல் கட்டியிருக்கிறார்கள். பழைய பாய் குப்பைக்குப் போய்விட்டதாம்.

நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், அதுதான் வேதனை.

தூத்துக்குடித் தோணிகள் பாயை விட்டு இன்ஜினுக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பாயைத் தாங்கும் குறுக்குக் கழியான பருமலைப் பாய்மரத்தோடு எப்படிப் பிணைத்தார்கள், பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் தாமான் கயிற்றை எங்கே கொண்டுவந்து கட்டினார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தோணி கட்டும் தச்சரான ஓடாவி செய்த மாதிரியில் அந்த முடிச்சு அப்படியே இருக்கும். கயிறு மக்கியிருக்கலாம், முடிச்சு அவர் கையால் போட்டது. அதை அறுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

வார்னிஷ் மரத்தைக் காப்பாற்றும் என்பார்கள். வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் கிடக்கிற படகுக்குச் சரி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதற்கு எதற்கு? நாளாக ஆக மஞ்சளிக்கும், தூசியைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எடுக்கலாம் என்று கரைப்பானைத் தொட்டுத் துடைத்தால், அடியிலிருக்கும் பழைய பச்சைச் சாயமும் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதற்குமேல் கை ஓடாது. தேங்காய் எண்ணெய், மர பாலிஷ் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

அடுத்தது பெட்டி. புது பிளைவுட்டில் செய்து, வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானால் கண்ணாடியை ஒட்டி, அன்றைக்கே மாதிரியை உள்ளே வைத்து மூடிவிடுகிறார்கள். அந்த வாடை அமிலம். நங்கூரமோ பீரங்கியோ ஈயத்தில் வார்த்ததாக இருந்தால் அதன்மேல் வெள்ளைப் பொடி பூக்கும், கடைசியில் உறுப்பே பொடியாக உதிர்ந்துவிடும். அமெரிக்கக் கடற்படையின் மாதிரிச் சேகரிப்பிலேயே இந்தச் சேதத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பொடி நஞ்சு. ஊதாதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள், பள்ளிப் பிள்ளைகள் வரும் நாளில் பெட்டியைத் திறந்து வைக்காதீர்கள்.

பகலில் ஏசி போட்டு இரவில் அணைப்பதற்கு, போடாமலே இருப்பது மேல். மரம் தினமும் சுருங்கி விரிந்து பிளக்கிறது. ஜன்னல் வெயில் பாயில் விழக் கூடாது. பெட்டிக்குள் ஸ்பாட் லைட் வேண்டவே வேண்டாம்.

மாதிரிக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து வையுங்கள். காலையில் அதில் மாவு போல மரத்தூள் கிடந்தால் உளுப்பூச்சி வேலை செய்கிறது. உடனே மாதிரியைத் தனி அறைக்கு மாற்றுங்கள். ஓட்டையில் மண்ணெண்ணெய் விடாதீர்கள்.

தூக்கும்போது பாய்மரத்தைப் பிடிக்காதீர்கள், அடிப்பாகத்தை இருவராகத் தாங்குங்கள். அறுந்து விழுந்த கயிற்றை ஒட்ட வேண்டாம். எங்கே கிடந்தது என்று எழுதி, படம் எடுத்து, ஒரு கவரில் போட்டு வையுங்கள். விழாவுக்குத் தேதி குறிக்கும் முன்பே தயவுசெய்து அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாக்கத் தெரிந்த ஒரு வல்லுநரைக் கூப்பிடுங்கள்.