டர்போ கண் விழிக்கும் வரை

முன்னால் போகும் லாரியை முந்த ஆக்சிலரேட்டரை அழுத்துகிறீர்கள். வண்டி ஒரு கணம் யோசிக்கிறது. அப்புறம்தான், யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் பாய்கிறது. பழைய டர்போ கார்களை ஓட்டியவர்களுக்கு இந்த இடைவெளி நன்றாகவே பழக்கம். டர்போ லேக், அதாவது டர்போவின் தாமதம் என்பது இதைத்தான்.

டர்போவில், எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் திணிக்கிறது. காற்று அதிகம் போனால் எரிபொருளும் அதிகம் எரியும், திறன் கூடும். வீணாகப் போகும் புகையிலிருந்தே வேலை வாங்குவதால் இது ஏறக்குறைய இலவசம். ஆனால் அந்தச் சக்கரம் ஒழுங்காக வேலை செய்ய நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். அதற்கு நிறைய புகை வேண்டும். புகை வர நிறைய காற்று வேண்டும். காற்று வர டர்போ சுழல வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

இங்கே பலர் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் இருக்கும்போது நீங்கள் எவ்வளவு நேரம் மிதித்தாலும் டர்போவுக்குப் போதிய புகை கிடைக்காது. இது தாமதமில்லை, பட்டினி. 3,000 சுற்றில் புகை போதும், ஆனால் சக்கரம் வேகம் எடுக்க நேரம் பிடிக்கிறது. லேக் என்று சொல்ல வேண்டியது இந்த இரண்டாவதைத்தான். ஓட்டுபவருக்கு இரண்டும் ஒரே எரிச்சல் என்பது வேறு விஷயம்.

காற்றைத் திணிக்கும் இன்னொரு கருவியான சூப்பர்சார்ஜருக்கு இந்தக் கவலையே இல்லை. அது புகையை நம்பி இல்லை. எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து பெல்ட் மூலம் நேராகச் சுழல்கிறது. எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும். இதில் பிரபலமான ரூட்ஸ் வகைக்கு, அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்றபோது கார் என்ற பொருளே கிடையாது. உலைகளுக்குக் காற்று ஊதத்தான் அது பயன்பட்டது. குறை என்னவென்றால், அதைச் சுழற்றும் சக்தி எஞ்சினின் சொந்தக் கையிருப்பிலிருந்து போகிறது. வேகம் கூடக் கூட அது தின்பதும் கூடும்.

சரி, ஒன்று கீழே கெட்டி, மற்றது மேலே கெட்டி. இரண்டையும் ஒரே எஞ்சினில் மாட்டினால்? ட்வின்சார்ஜிங் என்பது இதுதான். கீழ் வேகத்துக்கு ஒன்று, மேல் வேகத்துக்கு இன்னொன்று என்று இதைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. சூப்பர்சார்ஜரின் முக்கியமான வேலை டர்போவை எழுப்புவது. அது திணிக்கும் காற்றால் எரிதல் கூடுகிறது, புகை பெருகுகிறது, அந்தப் புகை டர்போவை முன்கூட்டியே சுழற்றிவிடுகிறது. மேலே சொன்ன கல்யாணச் சிக்கல் அங்கே அவிழ்ந்துவிடுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டையும் வரிசையாக வைத்தால் அழுத்தங்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன. ஒன்று காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தி, அதை வாங்கி மற்றதும் ஒன்றரை மடங்கு அழுத்தினால் இரண்டேகால் மடங்கு. தனித்தனியாக யாரும் மூச்சுத் திணற வேண்டியதில்லை. ஆனால் அழுத்திய காற்று சூடாகும் என்பதால், சிலிண்டருக்குப் போகும் முன் இன்டர்கூலர் வழியாகக் குளிர்விக்க வேண்டும். இல்லாவிட்டால் எரிபொருள் கண்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனைப் பதம் பார்த்துவிடும்.

2005-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடியின் 1.4 லிட்டர் எஞ்சினில் இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். அதன் சூப்பர்சார்ஜர் கிராங்க் ஷாஃப்ட்டைவிட 5 மடங்கு வேகத்தில் சுழலும். வேகமாக மிதித்தால் 2,400 சுற்று வரை அது கட்டாயம் உழைக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் மட்டும். 3,500-இல் ஒரு மின்காந்த கிளட்ச் அதைக் கழற்றிவிடும். ஏன் 3,500? ஐந்தால் பெருக்கினால் 17,500. சூப்பர்சார்ஜரின் உச்ச வரம்பு அதுதான். கழற்றும்போது ஓட்டுபவருக்கு உதறல் தெரியக்கூடாது என்பதற்காக, காற்று சுற்றுவழியில் போக ஒரு மடல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. கைமாறி முடியும்போது டர்போ ஏற்கெனவே முழு வேகத்தில் இருக்கும். 1,500 சுற்றிலேயே காற்றழுத்தம் 2.5 பார் (சாதாரண வெளிக்காற்று சுமார் 1 பார்), டர்போ மட்டும் இருந்திருந்தால் சுமார் 1.3தான். விளைவு, 1.4 லிட்டரில் 170 குதிரைத்திறன்.

இந்த யோசனையை அதற்கு 20 ஆண்டுகள் முன்பே பந்தயக்காரர்கள் முயன்றுவிட்டார்கள். லான்சியா டெல்டா எஸ்4 என்ற ராலி கார், 1,759 சிசி எஞ்சினை இருக்கைகளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, 1985 நவம்பரில் பிரிட்டனின் ஆர்ஏசி ராலியில் இறங்கியது. முதல் போட்டியிலேயே முதல் இரண்டு இடங்களும் அதற்கே. ராலியில் வளைவுக்கு வளைவு காலை எடுத்து எடுத்து மிதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டர்போ உறங்கி எழுந்தால் வேலைக்கு ஆகாது. சூப்பர்சார்ஜர் அந்த இடைவெளியை நிரப்பியது, பெரிய டர்போ மேல்வேகத்தைக் கவனித்துக்கொண்டது. ஜப்பானில் நிசான் 1980-களின் கடைசியில் வெறும் 930 சிசி மார்ச் காரில் இதையே செய்து 110 குதிரைத்திறன் எடுத்தது. வால்வோ, எக்ஸ்சி90 போன்ற பெரிய காரைக்கூட 2 லிட்டர் எஞ்சினால் இழுக்க இதைத்தான் நாடியது.

இவ்வளவு நன்றாக இருந்தும் ஏன் எல்லாக் காரிலும் இல்லை? பெல்ட், கிளட்ச், மடல், குழாய்கள் என்று பொருள்கள் கூடுகின்றன. விலை, எடை, இடம் எல்லாம் கூடுகின்றன. அதற்குள் டர்போவும் சும்மா இருக்கவில்லை, சக்கரங்கள் இலேசாகி சீக்கிரமே எழப் பழகிவிட்டது.

கடைசியில் பெல்ட்டின் இடத்துக்கு மின்சாரம் வந்தது. 2016-இல் அவுடி எஸ்க்யூ7 டீசல் காரில் 48 வோல்ட்டில் ஓடும் மின் கம்ப்ரசர் இருந்தது. கால் வினாடிக்குள் 70,000 சுற்றைத் தொட்டு, டர்போக்கள் விழிக்கும்வரை காற்று ஊதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மெர்சிடிஸ்-ஏஎம்ஜி இன்னும் ஒரு படி போய், சுமார் 4 சென்டிமீட்டர் அகல மோட்டாரை டர்போவின் தண்டிலேயே, இரு சக்கரங்களுக்கும் நடுவே செருகிவிட்டது. அங்கே எழுப்பிவிட இரண்டாவது ஆளே தேவையில்லை.