சர்வரையே கேட்டுவிடலாம்

ஒருமுறை போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் அதிகபட்ச இணைப்புகளை 100-லிருந்து 200 ஆக்கி, சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். செயலியோ, இணைப்பு கிடைக்கவில்லை என்று பழையபடியே புலம்பியது. கோப்பைத் திறந்தால் 200 என்றுதான் இருக்கிறது. அரை நாள் கழித்துத்தான் உறைத்தது: அந்த உபுண்டு கணினியில் இரண்டு போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருந்தன. பழைய பதிப்பு 5432 போர்ட்டில் (சர்வர் இணைப்புக்குக் காத்திருக்கும் வாசல் எண்), புதியது 5433-இல். நான் திருத்தியது புதியதன் கோப்பை. செயலி பேசிக்கொண்டிருந்தது பழையதோடு. 5432-இல் ஏற்கெனவே ஆள் இருந்தால் உபுண்டு அடுத்த காலி எண்ணைக் கொடுத்துவிடும். நிறுவும்போது ஓடும் வரிகளில் அதைச் சொல்லவும் செய்யும். அதை யார் படிக்கிறார்கள்?

செயலி போகிற அதே வழியில் உள்ளே நுழைந்து 'ஷோ போர்ட்', 'ஷோ மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ்' என்று இரண்டு வரி கேட்டிருந்தால் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். கோப்பு என்பது சர்வர் கிளம்பும்போது படித்துக்கொள்ளும் காகிதம். அதன்பின் மதிப்புகள் நினைவகத்தில்தான் இருக்கின்றன. 'ஷோ' அங்கிருந்து எடுத்துச் சொல்கிறது.

இன்னும் விவரம் வேண்டுமா? 'பிஜி_செட்டிங்ஸ்' என்பதிலிருந்து செலக்ட் செய்யலாம். பார்ப்பதற்கு டேபிள் மாதிரி இருக்கும், ஆனால் வட்டில் அப்படி ஒரு டேபிள் கிடையாது. கேட்கும் நொடியில் ஒரு ஃபங்ஷன் நினைவகத்தில் உள்ளதை வரிசை வரிசையாக அடுக்கித் தருகிறது. அதில் எனக்குப் பிடித்தவை மூன்று நெடுவரிசைகள். 'சோர்ஸ்': மதிப்பு கோப்பிலிருந்து வந்ததா, கட்டளை வரியிலிருந்தா, இயல்பு மதிப்பா என்று சொல்லும். 'கான்டெக்ஸ்ட்': அங்கே 'போஸ்ட்மாஸ்டர்' என்று இருந்தால் ரீஸ்டார்ட் செய்யாமல் மாறாது, போர்ட்டும் இணைப்பு எண்ணிக்கையும் இந்த வகைதான். 'பெண்டிங்_ரீஸ்டார்ட்': கோப்பை மாற்றி ரீலோட் (சர்வரை நிறுத்தாமல் கோப்பை மறுபடி படிக்கவைப்பது) மட்டும் செய்திருந்தால், ரீஸ்டார்ட் பாக்கி இருப்பதைக் காட்டிக்கொடுக்கும்.

சரி, சர்வர் சொல்லும் எண்ணும் நாம் இணைந்த எண்ணும் ஒன்றாகவே இருக்குமா? இருக்க வேண்டியதில்லை. நிரல்களைத் தனித்தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் வெளியே 5433, உள்ளே 5432 என்று திருப்பிவிட்டிருந்தால், நீங்கள் தட்டியது 5433-ஐ. ஆனால் சர்வரிடம் 'இனெட்_சர்வர்_போர்ட்' என்ற ஃபங்ஷனைக் கேட்டால் 5432 என்றுதான் பதில் வரும். சர்வர் பொய் சொல்லவில்லை. பாக்கெட் (அனுப்பிய தரவுத் துண்டு) அதன் கைக்கு வருவதற்குள் வழியிலேயே முகவரி மாற்றப்பட்டுவிட்டது. நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் உட்கார்ந்திருந்தாலும் இதே கதை: 'இனெட்_கிளையன்ட்_ஆடர்' (inet_client_addr) காட்டுவது உங்கள் முகவரியை அல்ல, அந்த இடைத்தரகரின் முகவரியை.

இந்தக் கேள்விகளுக்குச் சில நேரம் வெறும் 'நல்' (NULL, மதிப்பு இல்லை) என்று வரும். பயப்பட வேண்டாம், நீங்கள் நெட்வொர்க் வழியாக வரவில்லை, ஒரே கணினிக்குள் ஒரு கோப்பு மூலம் பேசும் யுனிக்ஸ் சாக்கெட் வழியாக வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், அந்த சாக்கெட் கோப்பின் பெயரின் கடைசியிலும் 5432 என்று போர்ட் எண் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் 'ஷோ வேரியபிள்ஸ்' இந்த வேலையைச் செய்கிறது. இயல்பு போர்ட் 3306, இணைப்புகள் 151. லினக்ஸில் ஒரு பொறி உண்டு: ஹோஸ்ட்டுக்கு 'லோக்கல்ஹோஸ்ட்' என்று கொடுத்தால், அதன் கிளையன்ட் (இணைக்கும் நிரல்) போர்ட்டைக் கண்டுகொள்ளாமல் சாக்கெட்டுக்குப் போய்விடும். தப்பான போர்ட் கொடுத்தும் இணைந்துவிட்டதே என்று குழம்புவது இதனால்தான். 127.0.0.1 என்று எழுதினால் நெட்வொர்க் வழியாகப் போகும், குட்டு வெளிப்படும்.

ஹோஸ்ட், போர்ட், டேட்டாபேஸ் பெயர், பயனர் பெயர் எல்லாம் இப்படிக் கேட்டே வாங்கிவிடலாம். பாஸ்வேர்டு மட்டும் வராது. போஸ்ட்கிரெஸ் அதை ஹாஷ் (திருப்பிப் படிக்க முடியாத குறியீடு) செய்துதான் வைத்திருக்கிறது. சூப்பர்யூசர் கேட்டாலும் அந்த ஹாஷ்தான் கிடைக்கும். மறந்துபோனால் புதிதாக ஒன்றைப் போட்டுவிட வேண்டியதுதான்.